ஓயாத சளிக்கு ஜப்பானின் மூலிகைக் குருணை

ஏன் திரும்பத் திரும்ப?

மூளை முடக்குவாதம் போன்ற கடும் பாதிப்போடு வளரும் குழந்தைக்குச் சாதாரணச் சளிகூட நிமோனியாவாக முற்றிவிடுகிறது. இருமிச் சளியைத் துப்பப் பலம் போதாது. விழுங்கும்போது பாலோ எச்சிலோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். முதுகெலும்பு வளைந்திருந்தால் நுரையீரல் முழுதாக விரியாது. ஆன்டிபயாட்டிக் முடிந்து வீடு திரும்பிய சில வாரங்களில் மறுபடியும் காய்ச்சல். பெற்றவர்கள் படும் பாடு சொல்லி மாளாது.

ஒரே டாக்டர், இரண்டு மருந்து

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஜப்பானிய டாக்டர்கள் சிலர் காம்போ மருந்தையும் சேர்த்துத் தருகிறார்கள். சீன மருத்துவத்திலிருந்து கிளைத்து ஜப்பானில் தனக்கென ஒரு வடிவம் பெற்ற முறை இது. 1976 முதல் பல காம்போ மருந்துகளுக்கு அரசுக் காப்பீடு உண்டு. 2001-இல் மருத்துவக் கல்விப் பாடத்திட்டத்திலும் இடம்பெற்றது. ஆன்டிபயாட்டிக் எழுதும் அதே டாக்டரே இதையும் எழுதுவதால், ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடும் ஆபத்து குறைகிறது. இந்த முறையின் பெரிய பலம் இதுதான்.

பத்துச் சரக்கு

அதிகம் பேசப்படுவது 'ஜூசென் தைஹோ தோ'. ஜின்செங், பட்டை, அதிமதுரம் உள்ளிட்ட பத்துச் சரக்குகள் சேர்ந்தது. நோயில் துவண்ட உடம்பைத் தேற்றக் கொடுப்பது. கஷாயத்தை உலர்த்திய குருணையாகக் கிடைப்பதால் வெந்நீரில் கரைத்து, விழுங்க முடியாத குழந்தைக்குக் குழாய் வழியாகவும் செலுத்தலாம்.

அடிக்கடி காதில் சீழ் பிடிக்கும் சிறு குழந்தைகளிடம் ஜப்பானில் இதைச் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு மூன்று மாதம் இதையும் கொடுத்த குழந்தைகளுக்குக் காது நோய் வரும் தடவை கணிசமாகக் குறைந்தது. ஆன்டிபயாட்டிக் தேவையும் குறைந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அது மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென்று நடந்த ஆய்வு அல்ல. நிமோனியாவுக்கும் அதே பலன் என்று சொல்லிவிட முடியாது.

மூலிகைதானே என்று...

அதிமதுரம் அளவு மீறினால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும், தசை தளரும். ஏற்கெனவே தசை பலவீனமான, வலியைச் சொல்லத் தெரியாத குழந்தையிடம் இதைக் கண்டுபிடிப்பது கடினம். சிறுநீர் பிரிய மாத்திரை எடுத்தால் ஆபத்து கூடும். 'ஷோ சைக்கோ தோ' என்ற இன்னொரு காம்போ மருந்தால் நுரையீரல் அழற்சி வந்து பத்துப் பேர் இறந்ததாக 1996-இல் ஜப்பான் அரசே எச்சரித்தது.

எனவே இணையத்தில் வாங்கி ஊட்ட வேண்டாம். வலிப்பு மருந்து உட்பட குழந்தை எடுக்கும் அத்தனை மருந்துகளின் பட்டியலையும் டாக்டரிடம் காட்டுங்கள். தலையை உயர்த்தி வைத்து ஊட்டுவது, வாயைச் சுத்தமாக வைப்பது, சளி எடுக்கும் பிசியோதெரபி, ஃப்ளூ மற்றும் நிமோகாக்கல் தடுப்பூசிகள் ஆகிய எதையும் மூலிகைக்காக நிறுத்தக் கூடாது. மூச்சு வாங்கினாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.