உங்களுக்குத் தெரியுமா? சிபாப் கருவியும் விமானம் ஏறலாம்!

தென்காசி, கடையநல்லூர் பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பறப்பவர்கள் ஏராளம். மாவட்டத்தில் விமான நிலையம் இல்லாததால், பலரும் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் செல்கிறார்கள். அவர்களில் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள் சிபாப் கருவியை வீட்டில் விட்டுச் செல்ல வேண்டாம்.

● இது ஆக்சிஜன் சிலிண்டர் அல்ல. அறைக் காற்றையே அழுத்தத்துடன் செலுத்தி, தொண்டை மூடிக்கொள்ளாமல் காக்கிறது. ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் குழுவினர் இம்முறையை 1981-ல் உலகுக்கு அறிவித்தனர்.

● கருவியைக் கைப்பையிலேயே வையுங்கள். பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டாலும் அன்றைய இரவு உறக்கம் கெடாது. மருத்துவர் சீட்டும் உடன் இருக்கட்டும்.

● உதிரி லித்தியம் பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணிக்கு மேல், 160 வரை இருந்தால் விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை.

● விமானத்திலேயே கருவி போட்டு உறங்க நினைத்தால், முன்பதிவின்போதே கேளுங்கள். எல்லா இருக்கைகளிலும் மின்இணைப்பு இருக்காது.

● கருவியின் ஈரப்பதத் தொட்டியைக் காலி செய்து, உலர்த்திய பின்பே பையில் வையுங்கள்.

● சீசனுக்குக் குற்றாலம் வரும் வெளிநாட்டு உறவினர்களுக்கு ஒரு சொல்: இங்கே மின்சாரம் 230 வோல்ட். அடாப்டரில் 100–240 என்று இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். அருவி நீர் குளிக்கத்தான். தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீரே ஊற்றுங்கள்.

ஊர் மாறினாலும் உறக்கத்தில் மூச்சு தடையின்றி ஓட வேண்டும். பயணம் என்பதற்காக ஓர் இரவும் கருவியைத் தவிர்க்காதீர்கள்.