மண்ணில் இல்லாத விஷம்... பளபளப்பில் இருக்கலாம்! மண்பாண்டத் தொழிலாளர்கள் கவனத்துக்கு

பொங்கல் நெருங்கிவிட்டால் திருநெல்வேலி வண்ணார்பேட்டை பக்கம் சாலையோரத்தில் பானைகளைப் பார்க்கலாம். வாங்க வருபவர்கள் விரலால் தட்டிப் பார்த்து, 'ணங்' என்று சத்தம் வந்தால்தான் விலையே பேசுவார்கள்.

தாமிரபரணிக் கரைக்கு மண்பாண்டம் புதிதல்ல. ஆதிச்சநல்லூரில் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளின் வழவழப்பு இன்றும் மறையவில்லை. நாதஸ்வர மேதை அருணாசலத்தின் ஊரான காருக்குறிச்சியில் இன்றும் சக்கரம் சுற்றுகிறது. களிமண்ணைப் பிசைந்து, வனைந்து, தட்டி, செம்மண் குழம்பு பூசி, தேய்த்து மெருகேற்றிச் சூளையில் வைக்கிறார்கள். இந்தச் செய்முறையில் ஈயத்துக்கு வேலையே இல்லை.

அப்படியென்றால் ஈயம் எங்கிருந்து வருகிறது?

கண்ணாடிப் பூச்சு

வெறும் மண்பாண்டம் தண்ணீரை உறிஞ்சும். அதைத் தடுக்கவும், பளபளப்புக்காகவும் மேலே கண்ணாடி போன்ற பூச்சு கொடுப்பதுதான் 'கிளேஸ்'. அந்தப் பொடி உருக அதிக வெப்பம் தேவை. ஈய ஆக்சைடைக் கலந்தால் குறைந்த வெப்பத்திலேயே உருகிப் படிந்துவிடும், மினுமினுப்பும் கூடும். விறகுச் சூளையே போதும். அதனால்தான் உலகின் பல நாடுகளில் கைவினைக் குயவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள். மெக்சிகோவின் சிற்றூர்களில் இன்னும் பயன்படுத்துகிறார்கள்.

எல்லா கிளேஸிலும் ஈயம் இருக்காது. ஈயம் இல்லாத கிளேஸ்களும் உண்டு. ஆனால், மூட்டையில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாமல் இருப்பதுதான் சிக்கல். பொம்மைகளுக்கு அடிக்கும் பெயின்ட்டிலும் இதே கதைதான். வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பெயின்ட்டுகளுக்கு அந்த விதி பொருந்தாது.

'ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோமே?' என்று கேட்கலாம். அது வெள்ளீயம். இங்கே பேசுவது காரீயம். வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்துவிட்டால் அந்தச் சொம்பும் ஆபத்துதான்.

உடம்புக்குள் எப்படிப் போகிறது?

பொடியை அரைக்கும்போதும் கலக்கும்போதும் பறக்கும் தூசு மூக்கு வழியாகப் போகும். சூளைப் புகையும் அப்படியே. கை கழுவாமல் வெற்றிலை போட்டாலோ, பீடி பிடித்தாலோ வாய் வழியாகப் போகும். வேலைக்குப் போட்ட சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கினால், தூசு குழந்தைக்கும் போகும். உடலுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு வரை அதிகமாகக் குழந்தைகளின் உடல் ஈர்த்துக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

உள்ளே போன ஈயம் எலும்பில் தங்கிப் பல வருடங்கள் இருக்கும். கர்ப்ப காலத்தில் அங்கிருந்து ரத்தத்தில் கலந்து, வயிற்றில் இருக்கும் சிசுவையும் அடையும்.

அறிகுறிகள்தான் ஏமாற்றும். வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, மலச்சிக்கல், ரத்தசோகை, அசதி, தலைவலி. முற்றினால் மணிக்கட்டு தொங்கிப்போகும். 'அல்சரா இருக்கும்', 'சூடு பிடிச்சிருக்கும்' என்று மாத்திரையோடு நாள் ஓடிவிடும்.

300 வருடங்களுக்கு முந்தைய கேள்வி

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, 1700-ல் தொழில் நோய்களைப் பற்றி எழுதிய நூலில் குயவர்களுக்கென ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். கிளேஸுக்காக ஈயத்தை அரைப்பவர்களுக்குக் கை நடுங்கி, பிறகு முடங்கிப்போவதைப் பதிவு செய்தார். நோயாளியின் தொழில் என்ன என்று மருத்துவர் கேட்டே ஆக வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அவரே.

இங்கிலாந்தின் பீங்கான் தொழிற்சாலைகளில் எத்தனையோ பேர் பாதிக்கப்பட்ட பிறகு, 1947-ல் அங்கே பச்சை ஈய கிளேஸுக்குத் தடை வந்தது. இந்தியாவில் 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் முதலாவதாக ஈய விஷத்தை வைத்தது. ஆனால், அந்தச் சட்டம் தொழிற்சாலைக்குத்தான் பொருந்தியது. வீட்டுத் திண்ணையில் குடும்பமாக வேலை செய்பவர்களைக் கணக்கெடுக்க யாரும் வருவதில்லை.

என்ன செய்யலாம்?

* கிளேஸ், பெயின்ட் வாங்கும்போது 'ஈயம் இல்லாதது' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.
* பொடியை உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். முகத்தில் துண்டு கட்டுவது மட்டும் போதாது.
* சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். வேலை உடையைத் தனியாகத் துவையுங்கள்.
* கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்த இடத்தில் இருக்க வேண்டாம்.
* முருங்கைக்கீரை, கேழ்வரகு போன்ற இரும்பு, கால்சியம் உள்ள உணவு, உடல் ஈர்க்கும் ஈயத்தைக் குறைக்க உதவும். ஆனால், அது சிகிச்சை ஆகாது.
* வாங்குபவர்களுக்கு: எதைப் பூசியது என்று தெரியாத பளபளப்பான பாத்திரத்தில் புளிக்குழம்பு, ஊறுகாய், மோர் வைக்க வேண்டாம். புளிப்பு, பூச்சிலுள்ள ஈயத்தைக் கரைத்து இழுக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

அந்தப் பரிசோதனையை எழுதித் தர மருத்துவருக்குக் காரணம் தெரிய வேண்டும். அவர் கேட்காவிட்டாலும், வயிற்றுவலியைச் சொல்லும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்: ''டாக்டர், நான் பானைக்கு கிளேஸ் பூசுற வேலை பார்க்கேன்.''