பிரவுசர் செய்கிற வேலையை பிரவுசரிடமே விடுங்கள்

படங்கள் நிறைந்த நீளமான பக்கத்தில், வாசகர் கீழே வரவரப் படங்களை இறக்கினால் போதும். அவருடைய டேட்டாவும் மிச்சம், பக்கமும் சீக்கிரம் திறக்கும். இதைத்தான் லேசி லோடிங் என்கிறோம். முன்பு இதற்கென்றே ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைச் சேர்ப்பார்கள். இப்போது இமேஜ் டேகில் 'லோடிங்' என்ற அட்ரிபியூட்டுக்கு 'லேசி' என்று கொடுத்தாலே பிரவுசர் பார்த்துக்கொள்ளும். இந்த வசதி குரோமில் 2019இலும், ஃபயர்ஃபாக்ஸில் 2020இலும், சஃபாரியில் 2022இலும் வந்தது. நெக்ஸ்ட்.ஜேஎஸ் ஃபிரேம்வொர்க்கும் 2022இல் வெளியான 13ஆம் பதிப்பில், தன் இமேஜ் காம்பொனென்ட்டை இதற்கே மாற்றிக்கொண்டது.

பழைய பிரவுசரில் என்ன ஆகும்? தெரியாத அட்ரிபியூட்டை எச்டிஎம்எல் கண்டுகொள்ளாது. படம் உடனே இறங்கிவிடும்; கொஞ்சம் டேட்டா கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். இங்கே தனி ஃபால்பேக் எழுதவே தேவையில்லை.

ஆனாலும் சிலர் பழைய பிரவுசருக்காகப் படத்தின் முகவரியை 'டேட்டா-எஸ்ஆர்சி'யில் ஒளித்துவைத்து, பிறகு ஸ்கிரிப்ட் மூலம் 'எஸ்ஆர்சி'க்கு மாற்றுகிறார்கள். இதனால் புதிய பிரவுசரும் ஸ்கிரிப்ட் ஓடும்வரை காத்திருக்க வேண்டியதாகிறது. ஸ்கிரிப்ட் வராமல் போனால் படமே கிடையாது. சிலருக்காகச் செய்யும் ஏற்பாடு எல்லோரையும் தாமதப்படுத்தக் கூடாது.

எல்லா வசதியும் இவ்வளவு சாதுவானதல்ல. டயலாக் டேகைத் திறக்கும் 'ஷோமோடல்' ஃபங்ஷன் பழைய பிரவுசரில் இருக்காது. அதைக் கூப்பிட்டால் எர்ரர் வந்து, அடுத்த வரிகள் ஓடாமல் நின்றுவிடும். ஆகவே கூப்பிடும் முன் அந்த ஃபங்ஷன் இருக்கிறதா என்று சோதியுங்கள். இல்லையென்றால் மட்டும் அந்த வசதியை ஈடுசெய்யும் ஸ்கிரிப்டான பாலிஃபில்லை டைனமிக் இம்போர்ட் வழியாக இறக்குங்கள். புதிய பிரவுசர் வைத்திருப்பவர்கள் அந்த ஃபைலைச் சுமக்க வேண்டியதில்லை. பிரவுசரின் பெயரையோ பதிப்பையோ வைத்து முடிவெடுக்காதீர்கள், வசதி இருக்கிறதா என்பதையே பாருங்கள். சர்வரில் ரெண்டர் ஆகும் ஃபிரேம்வொர்க்கில் இந்தச் சோதனை பிரவுசருக்குள்தான் நடக்க வேண்டும். ரியாக்டில் அதற்கு 'யூஸ்எஃபெக்ட்' சரியான இடம்.

இன்னொன்று: பக்கம் திறந்ததும் கண்ணில் படும் முதல் பெரிய படத்துக்கு லேசி போடாதீர்கள், அது தாமதமாகத்தான் வரும். எல்லாப் படத்துக்கும் அகலம், உயரம் கொடுங்கள்; இறங்கும்போது எழுத்துகள் குதிக்காது. உங்கள் வாசகர்களிடம் பழைய பிரவுசர் இல்லை என்று உறுதியானதும் பாலிஃபில்லை நீக்கிவிடுங்கள். தேவை முடிந்த நிரலையும் யாராவது பராமரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.