அரைமண்டி கேக்குற விலை: டான்ஸ் ஆடுறவங்களும் பிசியோவும்

கல்ச்சுரல்ஸ் நெருங்கும்போது டான்ஸ் டீம் பிராக்டிஸ் பண்ற ரூம் பக்கம் போனீங்கன்னா, முதல்ல மூக்குக்கு வர்றது பெயின் ஸ்பிரே வாசனை. முட்டியில க்ரேப் பேண்டேஜைச் சுத்திக்கிட்டு, "ஷோ முடியட்டும்டி, அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்ற ஒருத்தி எல்லா பேட்ச்லயும் இருப்பா. எங்க பேட்ச்லயும் இருந்தா. ஷோ அன்னைக்கு அவ ஆடியன்ஸ்ல உட்கார்ந்திருந்தா. அவளுக்குத் துணையா பிசியோ கிளினிக் போனப்போ கேட்டதும், அப்புறம் தேடிப் படிச்சதும்தான் இந்தக் கட்டுரை.

பரதநாட்டியத்தோட அஸ்திவாரம் அரைமண்டி. முதுகு நேரா, முழங்கால் ரெண்டும் பக்கவாட்டில் விரிஞ்சு, பாதி உட்கார்ந்த நிலை. பார்த்தா முட்டிதான் வெளியே திரும்பின மாதிரி இருக்கும். ஆனா திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டு. அது பந்தும் கிண்ணமும் மாதிரி, எல்லாத் திசையிலும் சுழலும். முழங்கால் கிட்டத்தட்ட கதவுக் கீல். மடக்கலாம், நீட்டலாம், சுழற்சி ரொம்பக் கொஞ்சம். இடுப்பு எவ்வளவு திரும்பும் என்பதில் பெரும்பங்கு எலும்போட அமைப்பு. அது ஆளுக்கு ஆள் வேற, இந்த வயசுல பயிற்சியால மாறாது. உங்க இடுப்பு 40 டிகிரி தருது, பாதத்தை நீங்க 60 டிகிரிக்குத் திருப்பி வைக்கிறீங்கன்னு வைங்க. மீதி 20 டிகிரியை முட்டியும் கணுக்காலும்தான் முறுக்கிக் கொடுக்கணும். அந்த நிலையிலேயே மணிக்கணக்கா அடவு போட்டா முட்டிச்சில்லைச் சுத்தி வலிக்காம என்ன செய்யும்?

அடுத்தது தட்டு. வெறுங்கால், கணுக்கால்ல சலங்கை, கீழே டைல்ஸ் இல்லன்னா கிரானைட். ஒரே அடவு மூணு காலத்தில். நாம ஃபட்டீக் ஃபெயிலியர் படிச்சிருக்கோம்ல, சின்ன லோடுதான், ஆனா திரும்பத் திரும்ப. எலும்புக்கும் அதேதான். ஒரே வித்தியாசம், எலும்பு தன் விரிசலைத் தானே சரி பண்ணிக்கும், நேரம் கொடுத்தா. முட்டிக்குக் கீழே, முன்பக்கம் தடவினா தெரியுற எலும்போட உள் ஓரத்தில் நீளவாக்கில் பரவலா வலிச்சா, பெரும்பாலும் 'ஷின் ஸ்பிளின்ட்'. ஒரு விரல் வச்சுக் காட்டுற மாதிரி ஒரே புள்ளியில் வலி, ராத்திரி படுத்தாலும் விடலைன்னா எலும்பில் விரிசலா இருக்கலாம். அதுக்கு ஸ்பிரே அடிச்சுட்டு ஆடக் கூடாது. டாக்டரைப் பாருங்க.

பிசியோகிட்ட போனா "ஆட்டத்தை நிறுத்து"ன்னுதான் சொல்வாங்கன்னு ஒரு பயம் இருக்கு. என் ஃபிரெண்டை அவங்க முதல்ல கேட்டது, "ஆடிக் காட்டும்மா". அப்புறம் குப்புறப் படுக்க வச்சு, முட்டியை மடக்கி இடுப்புச் சுழற்சியை அளந்தாங்க. ஒத்தைக் கால்ல லேசா உட்காரச் சொன்னப்போ முட்டி உள்பக்கம் சரிஞ்சுது. இடுப்போட பக்கத் தசை பலமில்லைன்னு அர்த்தமாம். முழுமண்டியும் குதிப்பும் கட். தட்டுறது பாதியளவு. கை, அபிநயம், தாளம் எல்லாம் வழக்கம்போல. கூடவே தினமும் இடுப்புக்கும் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் பயிற்சி. சொல்லப்போனா செம போர். ஆனா வேலை செஞ்சது அந்த போர்தான், ஹீட் பேடும் கரண்ட் மெஷினும் இல்ல. அளவு தெரிய ஒரு கணக்கும் சொன்னாங்க: இன்னைக்கு ஆடினதுக்கு நாளைக்குக் காலையில வலி கூடியிருந்தா, இன்னைக்கு ஆடினது அதிகம். வலி மாத்திரை போட்டுட்டு மேடை ஏறினா இந்தக் கணக்கே கெட்டுடும்.

கணுக்கால் பிசகினா வேற விஷயம். நாலு அடி கூட ஊன்றி நடக்க முடியலைன்னா எக்ஸ்ரே எடுக்கணும். நல்லா ஆயிடுச்சுன்னு தோணின பிறகும் ஒத்தைக் கால்ல நிக்கிற பேலன்ஸ் பயிற்சியை விடாதீங்க. ஒரு தடவை பிசகின கால் மறுபடி பிசகும் வாய்ப்பு அதிகம்.

இன்னொண்ணு, இது டீம் கேப்டன்களுக்கு. பார்க்கிங் ஷெட் காங்கிரீட்ல ரிகர்சல் வைக்காதீங்க. ஆடிட்டோரியத்தில் மர மேடை இருந்தா, சண்டை போட்டாவது சாவி வாங்குங்க.

என் ஃபிரெண்ட் இப்போ திரும்ப ஆடுறா. அரைமண்டியில பாதம் முன்ன மாதிரி அவ்வளவு விரியல. அவ டீச்சர் முதல்ல முகம் சுளிச்சாங்க. பிசியோ அளந்து எழுதின சீட்டைக் காட்டினதும், கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "சரி, இப்படியே ஆடு"ன்னுட்டாங்களாம்.