பதினைந்து வயதுக் காரும் அதன் பிரேக்கும்

2023 ஆகஸ்ட் 29 அன்று யூலெஸ் வலயம் லண்டன் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டபோது, நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்டி ஓட முடியாதென்று எங்கள் ஆட்கள் பலர் பழைய டீசல் கார்களை விற்றுவிட்டார்கள். பெற்றோல் காரின் கதை வேறு. பொதுவாக 2005க்குப் பின் பதிவான பெற்றோல் கார்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. அதனால்தான் ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் பழைய யாரிஸும் மைக்ராவும் இன்னும் வீட்டு வாசலில் நிற்கின்றன. எஞ்சின் முணுமுணுக்காமல் ஓடும். பிரேக்தான் வயதைக் காட்டும்.

என்னுடையதும் அப்படியொன்றுதான். ஒரு மாரிகால மாலை, தமிழ் வகுப்பிலிருந்து மகளை ஏற்றிக்கொண்டு நோர்த் சேர்குலர் வீதியால் வந்தேன். சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை மிதிக்க, கார் இடப்பக்கம் இழுத்தது. இடப்பக்கத்தில் ஒரு லொறி. ஒரு முழ இடைவெளியில் தப்பினோம். பின்னிருக்கையில் பிள்ளை நித்திரை.

அடுத்த நாள் கொண்டுபோன கராஜில் முன் டிஸ்க்குகளையும் பாட்களையும் மாற்றினார்கள். ஒரு கிழமையில் திரும்பவும் அதே இழுவை. இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் சில்லைக் கழற்றி, வலப்பக்கக் கலிப்பரைக் கையால் அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. பாட்டை இரு புறமும் சமமாக அழுத்த வேண்டுமென்றால் கலிப்பர் இரண்டு ஊசிகளின் மேல் வழுக்கி நகர வேண்டும். அந்த ஊசிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. வலது பிரேக் அரைகுறையாகப் பிடிக்க, இடது சில்லே பாரம் முழுவதையும் தாங்கியது. அதுதான் இடப்பக்கம் இழுத்ததன் காரணம். புதுப் பாட் போட்டும் ஒன்றும் மாறவில்லை, பழுது பாட்டில் இருக்கவில்லையே. ஊசிகளைத் துடைத்து, அதற்குரிய கிறீஸ் பூசியதோடு முடிந்தது. பாட் மாற்றக் கொடுக்கும்போது, "ஊசிகளை வெளியில் எடுத்துப் பார்த்தீர்களா?" என்று கட்டாயம் கேளுங்கள்.

கார் சொல்லும் குறிகளைப் பிரித்தறிவது பெரிய வித்தை அல்ல. மிதிக்கும்போது கீச்சிட்டால் பாட் தேய்கிறது என்று எடுக்கலாம். இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தால் அது தேய்ந்தே முடிந்துவிட்டது. பாட்டின் தடிப்பு 1.5 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் எம்.ஓ.ரி. கிடைக்காது. வேகத்தில் மிதிக்கும்போது ஸ்டியறிங் நடுங்கினால் டிஸ்க் சமமாகத் தேயவில்லை. ஓடி வந்து நிறுத்தியபின் ஒரு சில்லு மட்டும் தீய்ந்த மணத்தோடு சுடுகிறதென்றால் அந்த பிரேக் விடாமல் பிடித்தபடி நிற்கிறது. கையை வைத்துப் பார்க்காதீர்கள், கிட்டப் போனாலே சூடு தெரியும்.

பெடல் பஞ்சு போல உள்ளே போனால் யோசிக்க வேண்டாம், காரை எடுக்காதீர்கள். குழாய்க்குள் காற்று புகுந்திருக்கலாம், எங்காவது கசியலாம், அல்லது பிரேக் ஒயில் பழையதாகியிருக்கலாம். இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி, மிதிக்கும் விசையை வீணாக்கும். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஒயில் மட்டம் குறைந்தால் எங்கள் ஆட்கள் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடுவார்கள். அது குறைவதற்குக் காரணம் பாட் தேய்ந்ததாயிருக்கும், இல்லாவிட்டால் கசிவு.

பெடல் மரம்போல இறுகினால் சேர்வோவைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி நாலைந்து தரம் மிதித்து, மிதித்தபடியே ஸ்ரார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் தாழ்ந்தால் சேர்வோ வேலை செய்கிறது.

சிறிய கார்கள் பலவற்றில் பின் சில்லுக்கு டிரம் பிரேக். ஊருக்குப் போய் ஆறு கிழமை கழித்து வந்து பார்த்தால் கார் நகர மறுக்கும். ஈரத்தில் ஹான்ட்பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கும். சொந்த வாசலில், சமதரையில் விட்டுப் போவதென்றால் கியரில் போட்டு, சில்லுக்கு அணை வைத்து, ஹான்ட்பிரேக்கை இழுக்காமல் விடலாம். தெருவில் அப்படிச் செய்யக் கூடாது.

இந்த நாட்டில் பனிக்காலத்தில் வீதிக்கு உப்புத் தூவுகிறார்கள். அது காரின் அடியில் ஓடும் இரும்புப் பிரேக் குழாய்களை மெல்லத் தின்னும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாட் மாற்றுவதை வீட்டில் பழகிக்கொள்ளலாம். ஆனால் ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். குழாய் வேலை தெரிந்தவருக்குரியது.

பழைய கார் வாங்குகிறவர்கள் அரசாங்க இணையத்தளத்தில் இலக்கத்தகட்டின் இலக்கத்தை அடித்தால் அந்தக் காரின் எம்.ஓ.ரி. வரலாறு இலவசமாக வரும். பாஸ் என்பதோடு நிறுத்தாமல், கீழே எழுதியிருக்கும் அறிவுறுத்தல்களையும் வாசியுங்கள். ஒரே வரி மூன்று வருடம் தொடர்ந்து வந்தால் உரிமையாளர் அதைச் செய்யவில்லை. மணிக்கு 30 மைலில் போகும் நல்ல கார் நிற்க 23 மீற்றர் தேவை, அதில் 14 மீற்றர் பிரேக்குக்கு மட்டும். அதுவும் காய்ந்த வீதியில். பிரேக் பழுதான காரை ஓட்டிப் பிடிபட்டால் தண்டமும் லைசென்ஸில் 3 புள்ளியும். புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வருடத்தில் 6 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும்.

என் கார் இம்முறை பாஸ். ரோலரில் முன் சில்லுகள் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு பிடித்தன. கீழே ஒரு வரி: பின்பக்கப் பிரேக் குழாயில் துரு. வருகிற சனிக்கிழமை அதை மாற்றக் கொடுத்திருக்கிறேன். அதுவரை மகளுக்கும் எனக்கும் பஸ்தான்.