கடைக்கு மென்பொருள் செய்விக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பற்றுச்சீட்டு, இருப்புக் கணக்கு, கடன் கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றுக்காகத் தமது கடைக்கென்றே மென்பொருள் செய்விக்கும் வியாபாரிகள் இன்று பலர். விலை பேசும்போது எத்தனை திரைகள், என்னென்ன அறிக்கைகள் என்றெல்லாம் கேட்கிறோம். அது எதன் மீது கட்டப்படுகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வீட்டுக்கு அத்திவாரம் எப்படியோ மென்பொருளுக்கு அதன் சட்டகம் அப்படி. பின்னர் அதை மாற்றுவது ஏறத்தாழ இடித்துக் கட்டுவதற்குச் சமம்.

இணையத்தளங்களை உருவாக்கும் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றைக் கொண்டே கணனியில் நிறுவி இயக்கும் மென்பொருளையும் இப்போது தயாரிக்கின்றனர். இவ்வேலை தெரிந்தவர்கள் அதிகம். ஒரே நிரலை விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றுக்கும் பயன்படுத்தலாம். ஆதலால் செலவும் குறைகிறது. இணைய இணைப்பு அறுந்தாலும் விற்பனை நடக்க வேண்டும், கணக்கு கடையின் கணனியிலேயே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது பொருத்தமானது. இவ்வகையில் அதிகம் பேசப்படும் சட்டகங்கள் இரண்டு.

எலெக்ட்ரோன்

கிட்ஹப் நிறுவனம் தனது அடொம் என்ற நிரல் எழுதும் கருவிக்காக 2013 இல் இதனை ஆரம்பித்தது. குரோம் உலாவிக்கு அடிப்படையான குரோமியம் முழுவதையும் மென்பொருள் தன்னுடனேயே சுமந்து வருகிறது. எனவே எந்தக் கணனியில் நிறுவினாலும் திரை ஒரே மாதிரித் தோன்றும். அச்சிடுவதற்கான கேள்விப்பெட்டி தோன்றாமல் நேரடியாகப் பற்றுச்சீட்டை அச்சிடும் வசதியும் இதில் உள்ளடங்கியிருக்கிறது. நீண்ட வரிசை நிற்கும் கடைக்கு இது சிறிய விடயமல்ல.

குறை யாதெனில் பாரம். சிறிய மென்பொருளும் 100 மெகாபைட் அளவில் வந்து நிற்கும். நினைவகத்தையும் அதிகம் விழுங்கும். 4 ஜிகாபைட் நினைவகமுள்ள பழைய கணனியில் வேறு வேலைகளும் நடந்தால் மந்தமாகலாம்.

டவுரி

இதன் முதலாவது முழுப் பதிப்பு 2022 ஜூனிலும் இரண்டாவது பதிப்பு 2024 ஒக்டோபரிலும் வெளியாயின. இது உலாவியைச் சுமந்து வருவதில்லை. கணனியில் ஏற்கனவே இருப்பதைப் பயன்படுத்துகிறது. விண்டோஸில் அது மைக்ரோசொப்டின் வெப்வியூ2. ஆதலால் மென்பொருள் சில மெகாபைட்டுகளுக்குள் அடங்கிவிடும்.

ஆனால் இதன் உட்புற வேலைகள் ரஸ்ட் என்ற மொழியில் எழுதப்படுகின்றன. ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களைப் போல் ரஸ்ட் தெரிந்தவர்கள் எளிதில் கிடைப்பதில்லை. கேள்விப்பெட்டியின்றிப் பற்றுச்சீட்டு அச்சிடவும் மேலதிக வேலை தேவைப்படும்.

எது நல்லது?

மைக்ரோசொப்டின் டீம்ஸ் முன்பு எலெக்ட்ரோனில் இயங்கியது. 2023 இல் அதனை வெப்வியூ2க்கு மாற்றி, பாதி நினைவகமே போதும் என அந்நிறுவனம் அறிவித்தது. அதே நிறுவனத்தின் விஷுவல் ஸ்டூடியோ கோட் இன்றும் எலெக்ட்ரோனில்தான் இயங்குகிறது. ஆகவே தேவையைப் பொறுத்ததே தெரிவு. இரண்டுக்கும் உரிமக் கட்டணம் கிடையாது என்பதால் விலையும் இங்கு காரணமல்ல.

கடைக்காரரின் உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மென்பொருளைச் செய்தவர் வெளிநாடு சென்றுவிட்டால் நாளை அதைத் திருத்துவது யார்? பல வருடக் கடன் கணக்கு அதற்குள்ளே இருக்கும். இக்காரணத்தால், கணனி ஓரளவு புதியதாயின் சாதாரண கடைக்கு எலெக்ட்ரோன் பாதுகாப்பான தெரிவு. கணனிகள் பலவீனமானவை, ரஸ்ட் தெரிந்த இருவரையாவது கொண்ட நிறுவனம் வேலையைப் பொறுப்பேற்கிறது என்றால் டவுரியை யோசிக்கலாம்.

எதுவாயினும் முற்பணம் கொடுக்கும் முன் நான்கு விடயங்களை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

1. உங்களிடமுள்ள விண்டோஸில் அது இயங்குமா? எலெக்ட்ரோன் 2023 இல் வெளியான 23ஆம் பதிப்புடன் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றைக் கைவிட்டது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசொப்டின் வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது.

2. புதுப்பித்தல் யார் பொறுப்பு? எலெக்ட்ரோனில் கடைசி மூன்று பிரதான பதிப்புகளுக்கே திருத்தங்கள் வெளியாகும். எட்டு வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருவதால், ஒரு வருடம் கவனிக்காமல் விட்ட மென்பொருள் பாதுகாப்பற்ற பழைய உலாவியையே சுமந்துகொண்டிருக்கும்.

3. மூல நிரலின் பிரதி உங்கள் கைக்கு வருமா?

4. கணக்குகளை எக்செல் போன்ற வேறு வடிவத்தில் நீங்களே வெளியே எடுக்க முடியுமா?

கடைசி இரண்டுக்கும் "ஆம்" என்று எழுதித் தர மறுப்பவரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வேலையை ஒப்படைக்காதீர்கள். சட்டகம் பழுதானால் வேறொன்றில் திரும்பக் கட்டலாம். கணக்கு கைவிட்டுப் போனால் கடன்காரர் சொல்வதுதான் கணக்கு.