குடும்ப வழக்கின் மனுவில் சாதி எங்கே? – மணமுறிவுக்கும் தத்தெடுப்புக்கும் வழக்கறிஞரை அமர்த்துவது குறித்து

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் தமது வழக்குக் கட்டுடன் என்னிடம் வந்தார். பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். வேறு சாதி இளைஞரைக் காதலித்து மணந்தவர். கணவர் வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனிக் குவளை. சமையலறைக்குள் நுழையக்கூடாது. உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு அழைத்துச் செல்லமாட்டார்கள். ஆறு ஆண்டுகள் இப்படிக் கழிந்திருந்தன. அவருடைய முந்தைய வழக்கறிஞர் தயாரித்த மணமுறிவு மனு பதினான்கு பக்கம். அதில் வரதட்சணை இருந்தது. கணவரின் குடி இருந்தது. ‘கருத்து வேறுபாடு’ மூன்று இடங்களில் இருந்தது. சாதி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. “இது குடும்ப வழக்கம்மா, சாதியை இழுத்தால் வேறு மாதிரி போய்விடும்” என்று அவரிடம் சொல்லப்பட்டிருக்கிறது.

உரிமையியல் வழக்கின் அடிப்படை விதி எளியது. மனுவில் சொல்லப்படாத உண்மைக்குச் சாட்சியம் அளித்துப் பயனில்லை. விசாரணை தொடங்கிய பின் மனுவைத் திருத்த வேண்டுமானால், உரிய கவனத்துடன் இருந்தும் அதை முன்பே எழுப்ப இயலவில்லை என்று நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அந்த அனுமதியைப் பெறுவதற்கே பல வாய்தாக்கள் கரைந்தன. ஆகவே குடும்ப வழக்குக்கு வழக்கறிஞரை அமர்த்தும்போது, எத்தனை ஆண்டு அனுபவம், எவ்வளவு கட்டணம் என்பவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நடந்ததை நடந்தபடியே மனுவில் எழுதுவீர்களா?

சாதியை எழுதாமல் விடும் வழக்கறிஞர் சாதி வெறியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கணினியில் கிடக்கும் பழைய மனுவில் பெயரையும் தேதியையும் மாற்றித் தாக்கல் செய்யும் பழக்கம் ஒரு காரணம். சட்டத்தைப் பிழையாகப் புரிந்துகொள்வது இன்னொரு காரணம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சாதி சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்கு, அது பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும். வீட்டின் நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது நிகழ்ந்தது இதில் அடங்காது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இதை வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் நடந்த சாதி இழிவுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று பலர் முடிவு கட்டிவிடுகின்றனர். அது தவறு. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் ‘கொடுமை’ மணமுறிவுக்கான காரணங்களுள் ஒன்று. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் சொல்லாலும் மனத்தாலும் இழைக்கப்படும் துன்பத்தையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. இவ்விரண்டிலும் பொதுமக்கள் பார்வை என்ற நிபந்தனை கிடையாது. தனிக் குவளை கொடுமைதான். அதைக் கொடுமை என்று மனுவில் எழுத வேண்டும், அவ்வளவே.

சாட்சிக்கு யார் வருவார் என்ற தயக்கமும் பலருக்கு உண்டு. 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம், வழக்கைத் தீர்க்க உதவும் எந்த ஆவணத்தையும், சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகளுக்கு அப்பாலும் ஏற்றுக்கொள்ள நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. கணவன் மனைவிக்கிடையிலான உரையாடலின் ஒலிப்பதிவு மற்றவர் அறியாமல் எடுக்கப்பட்டது என்பதற்காகவே அதை ஒதுக்கிவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்துள்ளது. எனவே வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிட வேண்டாம். கைப்பேசியை மாற்றும்போதுதான் பெரும்பாலான சான்றுகள் காணாமல் போகின்றன.

குழந்தை இருந்தால் இது மேலும் முக்கியமாகிறது. சாதி மறுப்பு மணத்தில் பிறந்த குழந்தை தந்தையின் சாதியையே பெறும் என்பது மாற்ற இயலாத விதி அன்று. குழந்தை எந்தச் சூழலில் வளர்ந்தது, எவ்வகை இழிவுகளையும் இழப்புகளையும் எதிர்கொண்டது என்பதைக் கொண்டு தீர்மானிக்க வேண்டிய கேள்வி அது என்று 2012இல் ரமேஷ்பாய் தாபாய் நாய்க்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பட்டியல் சாதித் தாய் மணமுறிவுக்குப் பின் தனியாக வளர்க்கும் பிள்ளையின் சாதிச் சான்றிதழ் பற்றி வட்டாட்சியர் அலுவலகத்தில் கேள்வி எழும் நாளில், பழைய வழக்கின் மனுவும் தீர்ப்பும் அவருக்குக் கைகொடுக்கும். குழந்தை யாரிடம், எங்கே, எப்படி வளர்கிறது என்று அவற்றில் எழுதப்பட்டிருந்தால் மட்டும்.

மறுபக்கமும் உண்டு. தலித் இளைஞரை மணந்த பெண்ணை அவருடைய பெற்றோர் மீட்டுச் சென்று, தாங்களே வழக்கறிஞரை அமர்த்தி, மனமொத்த மணமுறிவு மனுவில் கையெழுத்து வாங்குவதை நம் களத்தில் அறியாதவர் இல்லை. வழக்கறிஞருக்குக் கட்டணம் தருபவர் தந்தையாக இருக்கலாம். ஆனால் வக்காலத்தில் கையொப்பமிடும் மகளே கட்சிக்காரர். அவரைத் தனியே சந்தித்துப் பேசாத வழக்கறிஞர் தம் கடமையில் தவறுகிறார். மனமொத்த மணமுறிவில் இறுதி ஆணை பிறக்கும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்பது 1991இல் சுரேஷ்தா தேவி வழக்கு முதல் நிலைபெற்ற சட்டம். முதல் கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கட்டணத்துக்கு வருவோம். ஜீவனாம்சத் தொகையில் இத்தனை விழுக்காடு என்று பேசுவது இந்திய வழக்கறிஞர் கழகத்தின் நடத்தை விதிகளுக்கு எதிரானது. வெற்றியைப் பொறுத்த கட்டணமும் அதன் பலனில் பங்கும் அங்கே தடை செய்யப்பட்டவை. கட்டணப் பாக்கியைக் காட்டி வழக்குக் கட்டைத் தராமல் வைத்துக்கொள்ளும் உரிமையும் வழக்கறிஞருக்கு இல்லை. 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. (என் சகத் தொழிலர்கள் சிலருக்கு இந்தப் பத்தி பிடிக்காது.) செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீதும், தாக்கல் செய்யும் ஒவ்வொரு தாளுக்கும் நகலும் கேட்டு வாங்க வேண்டும்.

கட்டணம் செலுத்த இயலாதவர்களுக்கு 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம் இருக்கிறது. அதன் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ஒருவர் பட்டியல் சாதிப் பெண் என்றால் இரு வகையிலும் தகுதி உண்டு. தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியாக ஏற்க 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை மறுக்கிறது. எனினும் தலித் கிறிஸ்தவப் பெண், பெண் என்ற தகுதியிலேயே இவ்வுதவியைப் பெறலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்; 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். அங்கு ஒதுக்கப்படும் வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் பணம் கேட்பது முறைகேடு. கேட்டால் அதே ஆணைக்குழுவில் புகார் செய்து வேறொருவரைக் கோரலாம்.

மணமுறிவில் எழுதாமல் விடப்படுவது ஆபத்து என்றால், தத்தெடுப்பில் எழுதித் தரப்படும் தாளே ஆபத்தாகலாம். 2019இல் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்தில் வெளிவந்த குழந்தை விற்பனை வழக்கில் முன்னாள் செவிலியர் ஒருவர் கைதானார். கொல்லிமலையின் ஏழைப் பழங்குடிக் குடும்பங்களின் பெயர் அந்த விசாரணையில் அடிபட்டது. இத்தகைய பேரங்களில் தரகர் பயன்படுத்தும் சொல்லும் ‘தத்து’தான். முத்திரைத்தாளில் நான்கு வரி எழுதி, நோட்டரி முத்திரை வைத்துவிட்டால் அது சட்டமாகிவிடும் என்று ஏழைத் தாயும் நம்புகிறார், குழந்தைக்காக ஏங்கும் தம்பதியும் நம்புகின்றனர்.

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் பெற்றோர் நேரடியாகத் தத்துக் கொடுக்கலாம் என்பது உண்மையே; பௌத்தம் தழுவியவர்களுக்கும் இது பொருந்தும், கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. ஆனால் பெற்றோர் இருவரின் சம்மதம், பதினைந்து வயது நிறையாத குழந்தை, உண்மையான கொடுத்தலும் ஏற்றலும் எனப் பல நிபந்தனைகள் உண்டு. பணம் கைமாறுவதை அச்சட்டமே குற்றமாக்குகிறது. பதிவு செய்யப்பட்ட பத்திரத்துக்குக் கிடைக்கும் சட்ட அனுமானம் நோட்டரி தாளுக்குக் கிடைக்காது. மதம் எதுவாயினும் எவரும் தத்தெடுக்க வழிசெய்வது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன்படி, 2022 செப்டம்பர் முதல் தத்தெடுப்பு ஆணையை மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். குழந்தையை விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்து ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனை. சிறை செல்வோர் பட்டியலில் தரகர் மட்டுமன்று, அந்தத் தாயும் இருப்பார்.

உண்மையிலேயே குழந்தையை வளர்க்க இயலாத தாய்க்குச் சட்டம் வேறு வழி தருகிறது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் அவர் குழந்தையை ஒப்படைக்கலாம். அவருடைய அடையாளம் வெளியிடப்படாது. அதன் பின்னும் மறுபரிசீலனை செய்ய அவருக்கு இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் குழந்தையைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மாதங்களைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் முத்திரைத்தாளை நீட்டுபவர் கறுப்பு அங்கி அணிந்திருந்தாலும், அவர் அந்தத் தாயின் வழக்கறிஞர் அல்லர்.